செண்பகம் டாக்டர் குனியவில்லை

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் பல் மருத்துவர் சங்கத்தின் செயற்குழு, எர்ணாகுளத்தில் ஓர் ஓட்டல் மாடியில் கூடி, வரலாற்றில் நிற்கப்போகும் முடிவு ஒன்றை எடுத்தது. மாதக் கூட்டங்களில் இதுவரை வரிசை வரிசையாகப் போடப்பட்டுவந்த நாற்காலிகளை இனி அரைவட்டமாகப் போடுவது. எளிதில் விளைந்த முடிவல்ல. துணைக்குழு ஒன்று அமைக்கப்பட்டது. அது இரண்டாகப் பிரிந்தது. அரைவட்டத்தில் எது முதல் நாற்காலி என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். கடைசியில் ‘சோதனை அடிப்படையில்’ என்று சேர்த்துக்கொண்ட பிறகே எதிர்ப்பு அடங்கியது. தலைவர் கைதட்டலை ஏற்றுக்கொள்ள எழுந்தபோது என் தொலைபேசி அடித்தது.

பேசியவர் ரஹ்மத். மட்டாஞ்சேரியில் செண்பகம் டாக்டரும் நானும் பங்கிட்டுக்கொண்ட மருத்துவமனையில் எங்கள் இருவருக்கும் உதவியாளர். “சாரே, நம்ம டாக்டர் மரிச்சு போயி. காலைல சாயா குடிச்சிட்டு இருக்கும்போது. பார்வதிச் சேச்சி இப்பத்தான் விளிச்சாங்க” என்றார். பார்வதி, டாக்டரின் தங்கை.

நான் கூட்டத்துக்குச் செய்தியைச் சொன்னேன். எல்லோரும் எழுந்து நின்றார்கள். நின்று முடித்ததும் தலைவர் இரங்கல் தீர்மானத்தைச் சொல்லச் சொல்லச் செயலாளர் எழுதினார். ‘தம் உயரத்தையும் உடல்வலியையும் பொருட்படுத்தாமல், நோயாளிகள் முன் குனிந்து குனிந்தே தம்மைத் தேய்த்துக்கொண்ட தியாகச் சுடர்.’

“அவங்க குனியல சார்” என்றேன்.

“எந்தா சுந்தரம் டாக்டரே, அது ஒரு பேச்சுக்கு எழுதறதல்லே” என்றார் தலைவர். “நல்ல வாக்கியம். இருக்கட்டும்.”

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. இதற்குத் துணைக்குழு தேவைப்படவில்லை.

நல்ல வாக்கியம்தான். உண்மையில்லை என்பது ஒன்றே அதன் குறை. அதைத் திருத்தவே இதை எழுதுகிறேன். கொச்சித் தமிழர்களுக்கான இந்த இதழைப் படிக்கிறவர்களில் பலர் அவருடைய நாற்காலியில் மல்லாந்து படுத்து, வாயைத் திறந்து, அவர் முகத்தைத் தலைகீழாகப் பார்த்தவர்கள். நீங்களே சாட்சி. தமிழ் படிக்கச் சிரமப்படும் உங்கள் பிள்ளைகளும் அங்கே பல் அடைத்துக்கொண்டவர்கள்தாம். அவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

புதியவர்களுக்காகச் சொல்கிறேன். மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில், சுக்குக் கிடங்கு ஒன்றின் மாடியில் எங்கள் மருத்துவமனை. ஒரே அறை, ஒரே நாற்காலி, இரண்டு மருத்துவர்கள். காலையில் அவர், மாலையில் நான். அவர் ஆறடிக்கு மேல். நான் ஐந்தடியைக் கொஞ்சம் தாண்டி நின்றுவிட்டவன். ஜனங்கள் அவரைத் தெங்கு டாக்டர் என்றும் என்னைக் குஞ்ஞு டாக்டர் என்றும் சொல்வார்கள். தென்னை மரத்துக்கு எவ்வளவு பெருமையோ அவ்வளவு பெருமையாக அவர் அதை ஏற்றுக்கொண்டார். நான் ஏற்றுக்கொள்ளவில்லை, என்னை யாரும் கேட்கவும் இல்லை.

அவருடைய தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மூட்டை தூக்க வந்தவர். அப்பாவுக்கு நகராட்சி வேலை. அவர்கள் வீட்டு நிலைப்படி, சராசரி மனிதனை நம்பிக் கட்டப்பட்டது. “வீட்டுக்குள்ள குனிஞ்சு போவேன், குனிஞ்சு வருவேன், பஸ்ல குனிஞ்சு நிப்பேன். அப்பறம் காலேஜ்ல சேர்ந்து, குனியறதுக்கே ஒரு பட்டமும் வாங்கினேன்” என்பார். பெண் பார்க்க வந்தவர்கள் புகைப்படத்துக்கு அவரை நாற்காலியில் உட்காரச் சொன்னார்களாம், மாப்பிள்ளை பக்கத்தில் நிற்க. அவர் எழுந்து நின்றார். புகைப்படக்காரர் நகர்ந்து நகர்ந்து பின்னால் போய்ப் படிக்கட்டில் இறங்கிவிட்டார். சம்பந்தமும் அவரோடு இறங்கிப் போயிற்று. இதை அவர் ஒரு நாளும் வருத்தத்தோடு சொன்னதில்லை. புகைப்படக்காரருக்கு அடிபட்டதா என்று மட்டும் விசாரித்தாராம்.

படிப்பு முடிந்து வந்த முதல் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் அவர் குனிந்தார். அதை மறைக்க மாட்டேன். கல்லூரியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நோயாளி உட்கார்ந்திருப்பார், மருத்துவர் வளைவார். வளைவது கஷ்டமாக இருக்கிறது என்று அவர் ஒரு பேராசிரியரிடம் சொன்னபோது, மருத்துவருக்குப் பணிவு வேண்டும் என்று பதில் வந்தது. “பணிவு நாக்குல இருந்தா போதும் சார். கழுத்தெலும்புல எதுக்கு?” என்று கேட்டிருக்கிறார். செய்முறைத் தேர்வில் அவருக்குக் குறைந்த மதிப்பெண் கிடைத்ததற்கு வேறு காரணமும் இருந்திருக்கலாம்.

அந்த ஆண்டுகளில் அவர் ஒரு பக்கம் சாய்ந்து, தலையைத் திருப்பி, நோயாளியின் மேல்வரிசைப் பல்லைக் கீழிருந்து எட்டிப் பார்ப்பதை நானே பார்த்திருக்கிறேன். கட்டிலுக்கு அடியில் செருப்புத் தேடுகிறவர் போல இருக்கும். பிறகு தோள் இறுகியது. பிறகு வலது கை விரல்கள் மரத்துப்போயின. ஒரு நாள் காலை ஒரு நோயாளியின் கடைவாய்க்குள் இருந்தபோது கையிலிருந்த கருவி நழுவியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவர் கையுறையைக் கழற்றிவிட்டு, ரஹ்மத்தை விட்டு எனக்குப் போன் போடச் சொன்னார். மிச்ச நோயாளிகளை நான் வந்து பார்த்தேன்.

எர்ணாகுளத்தில் ஓர் எலும்பு மருத்துவரிடம் போனோம். துணைக்கு நானும் போயிருந்தேன். அவர் ஸ்கேனை மேசைமேல் வைத்து, அதன்மேல் கவிழ்ந்துகொண்டு வெகுநேரம் பார்த்தார். கழுத்தில் இரண்டு இடத்தில் நரம்பு நெரிபடுகிறது, இப்படியே போனால் கை போய்விடும், நோயாளி பார்ப்பதை விட்டுவிடுங்கள் என்றார். காக்கநாட்டில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் பல் படங்களைக் கணினியில் பார்த்து, பணம் கொடுக்கலாமா கூடாதா என்று சொல்லும் வேலை இருக்கிறது; தமக்குத் தெரிந்தவர்கள்தாம்; ஏசி அறை.

“உங்களுக்குக் கழுத்து வலிக்காதா டாக்டர்?” என்று செண்பகம் கேட்டார்.

“வலிக்கும். யாருக்குத்தான் இல்ல?”

“அப்ப நீங்க எப்ப விடறீங்க?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். நிமிர்வதற்குச் சிரமப்பட்டார். “நான் பொக்கம் கம்மி” என்றார். தமக்கு உயரம் குறைவு என்பது அவர் சொன்ன மருத்துவக் காரணம்.

வெளியே வந்து ஆட்டோவில் ஏறும்போது செண்பகம் தலையை இடித்துக்கொண்டார். வழக்கம்தான். பாலம் தாண்டினோம். பிறகு, “காக்கநாட்டுல உக்காந்து ஊரான் பல்லைப் படத்துல பாக்கவா நான் படிச்சேன்? வேலையை விட மாட்டேன். குனியறதை விடறேன்” என்றார். இரண்டையும் பிரிக்க முடியும் என்று அதுவரை எனக்குத் தெரிந்த பல் மருத்துவர் யாரும் நினைத்ததில்லை. நானும்தான்.

பிசியோதெரபிக்காகச் சில வாரங்கள் ஓய்வு. அது முடிந்து வந்ததும் அவர் செய்த முதல் காரியம், தாம் வேலை செய்வதை ரஹ்மத்தின் தொலைபேசியில் பக்கவாட்டிலிருந்து படம் பிடிக்கச் சொன்னது. நோயாளி நானே. படத்தை மூன்று பேரும் பார்த்தோம். “டாக்டரே, கொக்கு மீனு பிடிக்கற மாதிரி உண்டு” என்றார் ரஹ்மத். செண்பகம் அதை ஒப்புக்கொண்டார். நோயாளியின் வாயைத் தேடி அவர் போகிறார். தவறு அங்கேதான் என்றார். “வாய் என்கிட்ட வரணும். என் முழங்கை எங்க இருக்கோ அங்க வந்து நிக்கணும். கண்ணு மட்டும் கீழ பாக்கலாம். கழுத்து பாக்கக் கூடாது.” பிற்பாடு அவர் யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொன்ன எல்லாவற்றுக்கும் இதுதான் மூலம்.

சொல்வது சுலபம். வாய் வர வேண்டுமானால் நோயாளி மட்டமாகப் படுக்க வேண்டும். மருத்துவர் தலைமாட்டுக்குப் பின்னால் உட்கார வேண்டும். மேல்வரிசைக்கு நோயாளி தாடையைத் தூக்க வேண்டும், கீழ்வரிசைக்குத் தாழ்த்த வேண்டும், எட்டாததைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். மூக்குக்கண்ணாடியில் பொருத்தும் லென்ஸ் கீழ்நோக்கிய சாய்வில் இருக்க வேண்டும். ஸ்டூலில் இடுப்பு முட்டியைவிட உயரத்தில் இருக்க வேண்டும். இவ்வளவும் எந்த மருத்துவரும் செய்யக்கூடியது. ஆனால் அவருடைய முழங்கை இருந்த உயரத்துக்கு எங்கள் நாற்காலி, மோட்டாரின் கடைசி மூச்சு வரை ஏறினாலும் வரவில்லை. சாய்மானத்துக்கு அடியில் அவர் முட்டியும் நுழையவில்லை. உலகத்தில் நாற்காலி செய்கிறவர்கள், பல் மருத்துவம் நடுத்தர உயரக்காரர்களின் தொழில் என்று தங்களுக்குள் பேசி முடித்திருந்தார்கள்.

முதலில் ஸ்டூல். கடைக்காரருக்கு அவர் போன் செய்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். ஒலிபெருக்கியில் போட்டிருந்தார்.

“மேடம், லேடி டாக்டர்மார்க்கு சின்ன சைஸ் மதி, அதுவே போதும். எல்லாரும் அதுதான் எடுக்கறாங்க.”

“என் முட்டி எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“மேடம்?”

“உங்க மேசை உயரத்துல இருக்கு. உயரமான தண்டு போட்ட ஸ்டூல் இருக்கா இல்லையா?”

“அது ஜென்ட்ஸ் மாடல், மேடம்.”

“நல்லது. ஜென்ட்ஸ் மாடல்ல லேடி உக்காந்தா உடைஞ்சிடுமா?”

ஸ்டூல் வந்தது. உடையவில்லை.

அடுத்தது நாற்காலி. அதைத் தூக்கிவைக்க ஒரு சாண் உயரத்துக்குச் சிமெண்ட் மேடை கட்ட வேண்டும். அதற்குத் தரையை உடைத்துக் குழாய்களை நகர்த்த வேண்டும். கட்டட உரிமையாளர் சேட்டு ஒரே நிபந்தனை போட்டார்: ஒரு முறைதான் உடைக்கலாம். கீழே அவருடைய சுக்கு இருக்கிறது. கொத்தனார் கம்பியை ஊன்றிக்கொண்டு கேட்டார், “தலை ஏது பாகத்து டாக்டரே?”

அந்தக் கேள்வியில்தான் எல்லாம் நின்றது. நோயாளிகள் உட்கார்ந்திருந்த காலத்தில் நாற்காலி எந்தத் திசை பார்த்தது என்று யாரும் கவலைப்பட்டதில்லை. படுக்கிறார்கள் என்றதும், படுக்கை ஆயிற்று. படுக்கை என்றால் தலைமாடும் கால்மாடும் உண்டு. ஏற்கெனவே இருந்த குழாய் அமைப்பின்படி தலை வடக்கே. எங்கள் சமூகத்து அம்மாள் ஒருவர், வேர் சிகிச்சை பாதியில் இருந்தவர், “வடக்க தலை வெச்சா? நான் சொத்தைப் பல்லோடயே இருந்துக்கறேன்மா” என்று எழுந்துவிட்டார். தெற்கே திருப்பலாம் என்றதற்கு, சவத்தை அப்படித்தான் கிடத்துவார்கள் என்று பார்வதியே தடுத்தார். கிழக்கே தலை என்றால் கால் மேற்கே நீளும், தெருமுனைப் பாத்திரக்கடை ஹம்ஸாக்கா, “எண்ட டாக்டரே, தொழுகற கிப்லா பக்கம் கால் நீட்டி வாய் பிளக்கறதா? அது மாத்திரம் பறயாதே” என்றார். மேற்கே தலை வைத்தால் தீராக் கவலை என்று சேட்டுவின் வாஸ்துக்காரர் போனில் தெரிவித்தார். பல்வலியோடு வருகிறவர்களுக்குப் புதிதாக என்ன கவலை வந்துவிடும் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை.

வேறு ஊராக இருந்தால் யாராவது ஒருவரைப் புண்படுத்திவிட்டு வேலையை முடித்திருப்பார்கள். மட்டாஞ்சேரியில் ஒரே தெருவில் இத்தனை கோயிலும் பள்ளிவாசலும் சர்ச்சும் இருந்துகொண்டு, அவரவர் பல்லுக்கு எங்கள் ஒரே நாற்காலிக்கு வருகிறார்கள். கொத்தனார் சில நாள் வந்து சாயா குடித்துவிட்டுப் போனார். இவ்வளவு பிரச்சினை எதற்கு, பழையபடி உட்காரவைத்தே பாருங்களேன் என்று நான் சொன்னேன். செண்பகம் என்னைத் திரும்பிப் பார்த்தார். உடம்பு முழுவதையும் திருப்பித்தான் பார்த்தார், அப்போது கழுத்து திரும்பாது.

“எட்டுத் திசைக்கும் ஒரு ஆள் பரிஞ்சு பேச வராங்க. என் கழுத்துக்குப் பேச ஒரு ஆள் வரல. நீங்களும் வரல.”

மறுநாள் காலை அவர் சாக்கட்டியால் தரையில் ஒரு கோடு போட்டிருந்தார், அறைக்குக் குறுக்கே கோணலாக. தலை வடகிழக்கே, கால் தென்மேற்கே. “இது வடக்கும் இல்ல, கிழக்கும் இல்ல. யாராவது கேட்டா மூலைன்னு சொல்லுங்க.” வாஸ்துக்காரர் வடகிழக்கில் தலை என்று கேட்டதும் சந்தோஷப்பட்டார், அது சாமி மூலையாம். எங்கள் சமூகத்து அம்மாளுக்கு வடக்கு இல்லை என்பதே போதும். ஹம்ஸாக்கா மட்டும் வாய்வார்த்தையை நம்பவில்லை. சிமெண்ட் காய்ந்து நாற்காலி ஏறிய அன்று முதல் ஆளாக வந்து படுத்து, தொலைபேசியில் திசைகாட்டியைத் திறந்து நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டார். முள் ஆடி நின்றது.

“வலத்துக் கைப் பக்கம் வருது. ஷரி” என்றார். பிறகு கொஞ்சம் யோசித்தார். “டாக்டரே, கபர்க் குழில கிடத்தறதும் ஏறக்குறைய இதே சரிவுதான் கேட்டோ.”

“அங்க நான் வந்து பல் பாக்க மாட்டேன் ஹம்ஸாக்கா. வாயைத் திறங்க.”

அவர் திறந்தார். செண்பகம் தலைமாட்டில் உட்கார்ந்தார். நேராக உட்கார்ந்தார். பன்னிரண்டு ஆண்டு பழகிய நான், அவர் அவ்வளவு உயரம் என்பதை அன்றுதான் பார்த்தேன்.

அந்த ஏற்பாட்டால் எனக்கு வந்த கஷ்டத்தையும் சொல்ல வேண்டும். மேடைமேல் ஏறிய நாற்காலியை எவ்வளவு இறக்கினாலும் எனக்கு அது ஒரு சாண் அதிகம். என் ஸ்டூலை உயர்த்தினால் கால் தொங்கியது. முறையிட்டேன். செண்பகம் தாமே பழைய பெட்டிப் பலகையில் ஒரு கால்மனை அடித்துக் கொண்டுவந்து, என் பாதத்துக்கு அடியில் தள்ளினார். “தோளைத் தூக்காதீங்க. கழுத்தைக் கவுக்காதீங்க.” எனக்குக் கழுத்து வலி இல்லையே என்றேன். “குள்ளமா இருந்தா கழுத்தை வேற எலும்புல செஞ்சிருக்கா?” என்றார். எனக்கு இருந்தது. சொல்லிக்கொண்டதில்லை.

ஒரு நோயாளி முடிந்து அடுத்தவர் வருவதற்குள் அவர் சுவரோரம் போய் நிற்பார். குதிகால், முதுகு, பின்தலை மூன்றும் சுவரில். தாடையை உள்ளே இழுத்து, தோளைப் பின்னால் தள்ளி, மூச்சு விடுவார். வரவேற்பறையில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் இது உண்டு. “பல்லு காத்திருக்கும். கழுத்து காத்திருக்காது” என்பார். வெளியே உட்கார்ந்திருக்கிறவர்கள் கதவு இடுக்கில் பார்த்துவிட்டு, டாக்டருக்கு யாரோ தண்டனை கொடுத்திருக்கிறார்கள் என்று பேசிக்கொள்வார்கள். சேட்டு ஒவ்வொரு ஆண்டும் வெள்ளையடிக்கும்போது அந்தச் சுவரில் தலையெண்ணெய்க் கறையைப் பார்த்துப் புலம்புவார்.

எல்லோரும் ஹம்ஸாக்கா மாதிரி இல்லை. அரசியலில் பெரிய ஆள் ஒருவர், பெயர் வேண்டாம், கன்னம் வீங்கி வந்தார். கூட நாலு பேர். “நான் யாருக்கு முன்னாலயும் படுக்கறதில்ல. உட்கார்ந்தே காட்டறேன், நீங்க குனிஞ்சு பாத்தா மதி” என்றார்.

“நானும் யாருக்கு முன்னாலயும் குனியறதில்ல” என்றார் செண்பகம். “அப்ப ஒண்ணு செய்யலாம். பல்லைக் கழட்டிக் கொடுத்தனுப்புங்க. உக்காந்து பாத்து வைக்கறேன்.”

கூட வந்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். அவரை அப்புறம் அந்தக் கூட்டத்தில் நான் பார்க்கவில்லை. பெரியவர் எழுந்து போனார். வாடகை ஒப்பந்தம், குப்பை வரி, பெயர்ப்பலகை அளவு என்று வரிசையாக விசாரணைகள் வந்தன. சேட்டு வந்து கையெடுத்துக் கும்பிட்டார், ஒரு தடவை குனிந்தால் என்ன குறைந்துவிடும் என்று. செண்பகம் அவருக்குக் குறைந்துபோன தம் எலும்புகளை ஸ்கேனில் காட்டினார். வீக்கம் கண்வரை ஏறியபோது பெரியவர் திரும்பி வந்தார், தனியாக. வடகிழக்கே தலை வைத்துப் படுத்தார். அவரை அவ்வளவு மென்மையாக வேறு யாரும் நடத்தியிருக்க மாட்டார்கள். முடிந்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்: “மேல ஒட்டடை இருக்கே, அடிக்க மாட்டீங்களா?”

இனி சங்கம். தீர்மானம் போட்ட அதே சங்கம் ஒரு முறை அவரை முதுகுவலி, கழுத்துவலி தடுப்பு பற்றிப் பேச அழைத்தது. மேடையில் மர மேசையும் அதில் ஆணியடித்த ஒலிவாங்கியும். ஒலிவாங்கி அவர் மார்புக்குக் கீழே நின்றது. தூக்க முடியுமா என்று கேட்டார். முடியாது, கொஞ்சம் குனிந்து பேசுங்கள் என்றார்கள். “முதுகுவலி வராம இருக்கறது எப்படின்னு நான் குனிஞ்சு நின்னு சொல்லணுமா?” என்று கேட்டுவிட்டு, ஒலிவாங்கி இல்லாமலே பேசினார். கேட்காதவர்களை முன்னால் வரச் சொன்னார். முன்னால் வந்தவர்கள் மூன்று பேர். மற்றவர்கள் நாற்காலியில் சரிந்து, தொலைபேசியைப் பார்த்துக் கழுத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பேச்சு முடிந்ததும் அவர் இறங்கிவந்து, வரிசை வரிசையாகப் போய், ஒவ்வொருவர் தோளையும் பின்னாலிருந்து பிடித்து நிமிர்த்திவிட்டார். இது பலருக்குப் பிடிக்கவில்லை. தலைவரின் தோளையும் நிமிர்த்தினார். உரை தெளிவாகக் கேட்கவில்லை என்று அந்த மாத அறிக்கையில் வந்தது. அடுத்து அவரை அழைக்கவில்லை.

வலி முழுதாகப் போய்விட்டது என்று எழுதினால் நானும் சங்கத்தைப் போல ஆகிவிடுவேன். மழைக்காலத்தில் வந்தது. சில நாள் கழுத்துப் பட்டையோடு வந்தார். ஆனால் விரல் மரத்துப்போவது நின்றது. கருவி இன்னொரு முறை கையைவிட்டு நழுவவில்லை. காக்கநாட்டுக்குப் போகாமல் இன்னும் பத்துப் பதினோரு ஆண்டுகள் அந்த மாடியில் வேலை பார்த்தார். இறப்பதற்கு முதல் நாள் சனிக்கிழமையும் பார்த்தார். இறந்தது இதயத்தால். உயரத்துக்கும் முதுகுக்கும் அதில் பங்கில்லை என்று பரிசோதித்த மருத்துவரிடம் நான் கேட்டு உறுதி செய்துகொண்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும்.

அவரிடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியிருக்கிறது என்று யோசித்தேன். ஸ்டூல் எனக்கு உதவாது. நான் அதில் ஏற இன்னொரு ஸ்டூல் வேண்டும். சுவரோரம் நிற்கிறேன், ரஹ்மத் விரட்டுவதால். ஆனால் உண்மையில் எடுத்துக்கொண்டது ஒரு சொல்: மாட்டேன். அவர் அதைச் சத்தம் போடாமல், முகத்தைக் கோணாமல், மணி கேட்டவருக்குப் பதில் சொல்வது போலச் சொல்வார். நான் வாழ்நாள் முழுவதும் சரி சரி என்று தலையாட்டி வந்தவன். நோயாளிக்கு, சேட்டுக்கு, சங்கத்துக்கு. அந்தச் சொல்லை இதுவரை ஒரே ஒரு தடவைதான் பயன்படுத்தியிருக்கிறேன், அந்த ஞாயிற்றுக்கிழமையே.

எர்ணாகுளத்திலிருந்து படகு பிடித்து நான் போய்ச் சேர்ந்தபோது, அவரைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். ஷார்ஜாவில் இருக்கும் தம்பி முருகனுக்குச் சொல்லியாகிவிட்டது. அவருக்குக் கிடைத்த முதல் விமானம் மறுநாள் காலைதான் வந்து சேரும். அதுவரை வைத்திருக்கக் குளிர்பெட்டி வரவழைத்திருந்தார்கள். தூக்கிவந்த இருவரும் பெட்டியை வாசலில் இறக்கிவிட்டு உள்ளே பார்த்தார்கள். ஒருவர் கையால் அளந்தார். மறுபடி அளந்தார்.

“சாரே, கொள்ளாது. கால்முட்டு ஒண்ணு மடக்கியா மதி. இப்பவே மடக்கணும், பின்னே விறைச்சுப் போகும்.”

பெரிய பெட்டி இருக்கிறதா என்று கேட்டேன். நாலைந்து இடத்துக்குப் போன் போட்டார்கள். ஒன்று இருந்தது, ஆலுவாவில் வேறொருவர் அதில் இருந்தார். நாளை மதியம் கிடைக்கும்.

சங்கத் தலைவர் மலர்வளையத்தோடு வந்திருந்தார். என் தோளைத் தொட்டு, “சுந்தரம் டாக்டரே, இதொண்ணும் பெரிய காரியமில்ல. கொஞ்சம் மடக்கி, மேல பூ போட்டு மூடினா யாருக்குத் தெரியும்? தம்பி வந்து முகம் பார்க்கணுமல்லோ” என்றார். நியாயமான பேச்சு. அங்கே இருந்த எல்லோரும் தலையசைத்தார்கள். ரஹ்மத் மட்டும் அசைக்கவில்லை. தலைமாட்டில், வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

பார்வதி தம்பியோடு போனில் இருந்தார். அழுதுகொண்டே போனைக் கீழே இறக்கினார். “முருகன், நீங்க எல்லாரும் எப்படிச் சொல்றீங்களோ அப்படின்றான். எனக்கு ஒண்ணும் ஓடல. நீங்க சொல்லுங்க டாக்டர். எங்களைவிட நீங்கதான் அக்காகூட அதிக நேரம் இருந்தீங்க.”

பெட்டிக்காரர் குனிந்து, முழங்காலுக்கு அடியில் கை கொடுத்தார்.

“வேண்டாம்” என்றேன். “மடக்க விட மாட்டேன்.”

“எந்தா டாக்டரே இது?” என்றார் தலைவர்.

“நீட்டியே இருக்கட்டும் சார்.”

பார்வதி என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பிறகு பெட்டிக்காரரிடம், “எடுத்துட்டுப் போயிருங்க அண்ணா” என்றார். போனை மறுபடி காதில் வைத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்று நல்ல வெயில். பெட்டி திரும்பிப் போயிற்று. மாலை நாலரை மணிக்குச் சுடுகாட்டுக்கு எடுத்துச் சென்றோம். ஆறு மணிக்குள் எல்லாம் முடிந்தது. முருகனின் விமானம் மறுநாள் காலை நெடும்பாசேரியில் இறங்கியது.